கெய்னைத் திருகுறதுக்கு முன்னாடி

எங்க இரண்டாவது ரிவ்யூ அன்னைக்கு நடந்தது இது. முன்கையில் எலெக்ட்ரோடு ஒட்டி, தசையின் சிக்னலை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கையை மடக்க வைக்கிற புராஜெக்ட். டீம்ல ஒருத்தனுக்கு மட்டும் அலை ரொம்பச் சின்னதா வந்தது. வழக்கம்போல கெய்னைத் திருகினோம். "ஏன் சின்னதா வருது?"ன்னு மேடம் கேட்டாங்க. "எலெக்ட்ரோடு லூஸ் மேடம்." "சரி, லூஸ் இல்லைன்னா?" நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

உங்கள்ல பல பேர் என்னை மாதிரிதான் இருப்பீங்க. பிளஸ் ஒன்ல பயாலஜிக்குப் பயந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்க. அந்தக் கேள்விக்கு அப்புறம் உட்கார்ந்து படிச்சதுல எனக்குப் பட்டது இதுதான்: நரம்பு தசையைத் தொடுற இடம் மனப்பாடப் பகுதி இல்லை, அது நம்ம பாடம். கடைசி வருஷ எலெக்டிவ்ல ஒளிச்சு வைக்காம, முதல் வருஷ சர்க்யூட் வகுப்புலயே நடத்தியிருக்கணும்.

தொடுற இடம்னு சொன்னேன். உண்மையில் தொடாது. நடுவுல சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கு, மின்துடிப்பு அதைத் தாண்டாது. துடிப்பு நரம்பு முனைக்கு வந்ததும் அங்கிருக்கும் கால்சியம் சேனல்கள் திறக்கும். உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். திறந்தா பாயாம என்ன செய்யும்? பாய்ந்த கால்சியம், அசிடைல்கோலின் நிரம்பிய குட்டிப் பைகளைத் திறந்து கொட்ட வைக்கும். அது இடைவெளியைக் கடந்துபோய் தசையை எழுப்பும். இந்தப் பக்கம் பொட்டாசியம் சேனல்கள் திறந்து துடிப்பை அணைச்சிடும். அதாவது, பல்ஸ் விட்த்தை முடிவு பண்றதுல பொட்டாசியத்துக்குப் பெரிய பங்கு.

எனக்குத் தூக்கம் போனது அடுத்த விஷயத்துல. 1967இல் டாட்ஜ், ரஹமிமொஃப் என்ற இருவர் தவளைத் தசையில் அளந்து பார்த்தாங்க. கால்சியம் குறைவா இருக்கும்போது, வெளியேறும் அசிடைல்கோலின் கிட்டத்தட்ட கால்சியத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுது. கால்குலேட்டர் எடுங்க. கால்சியம் பாதியானா வெளியீடு பதினாறில் ஒரு பங்கு. 20 சதவீதம் கூடினா வெளியீடு இரட்டிப்பு. லீனியரா இருக்கும்னு நினைச்சு வந்தவனுக்கு இது நல்ல அடி.

லாம்பர்ட்-ஈட்டன் நோய்ல நடக்கிறது இந்தக் கணக்குதான். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பு முனையின் கால்சியம் சேனல்களைத் தாக்கி எண்ணிக்கையைக் குறைச்சிடும். தொடை பலமிழந்து, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கஷ்டப்படுவாங்க. பாதிப் பேருக்கு இதன் பின்னால் நுரையீரல் புற்றுநோய் இருக்கும். அதனால சீக்கிரம் கண்டுபிடிக்கிறது உயிர்ப் பிரச்சினை. எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? நரம்புக்குச் சின்ன ஷாக் கொடுத்து தசையின் அலையை அளப்பாங்க. அலை சின்னதா வரும். 10 விநாடி முழு பலத்தோட தசையை இறுக்கச் சொல்லி உடனே மறுபடி அளந்தா, இரண்டு மடங்குக்கும் மேல எகிறும். அடுத்தடுத்து வந்த துடிப்புகளால் உள்ளே கால்சியம் சேர்ந்ததுதான் காரணம்.

எங்க டீம் அங்கே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? கெய்னைத் திருகியிருப்போம்.

மருந்து இன்னும் அழகு. அமிஃபாம்ப்ரிடின்னு பேர். அது கால்சியம் சேனலைத் தொடுறதே இல்லை. பொட்டாசியம் சேனலை அடைக்குது. துடிப்பு அணைய நேரமாகும், மிச்சமிருக்கிற கால்சியம் சேனல்கள் கூடக் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். பழுதான பாகத்தை விட்டுட்டு பல்ஸை நீட்டுற வேலை. நான்காம் அடுக்கு இருக்கிறதால அந்தக் கொஞ்சமே எழுந்து நடக்கப் போதுமானதா ஆகலாம். நோயைக் குணமாக்காது, பலத்தைக் கூட்டும். இதை யோசிச்சவங்க நம்ம டிபார்ட்மென்ட்ல உட்கார்ந்திருக்க வேண்டியவங்கன்னு தோணலையா?

சிலபஸ் ஏற்கெனவே வழியுதேன்னு கேட்பீங்க. வழியுதுதான். ஆனா ஆர்.சி. சர்க்யூட்டுக்குப் போடுற பத்துக் கணக்குல ஒண்ணை எடுத்துட்டு, அந்த இடத்துல இந்த நரம்பு முனையை வைக்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

எங்க ரிப்போர்ட்ல 'எலெக்ட்ரோடு லூஸ்' என்ற வரி இன்னும் அப்படியே இருக்கு. அந்தப் பையனை மறுபடி உட்கார வச்சு, எலெக்ட்ரோடை மாத்தி ஒட்டி அளந்து பார்க்கணும். வைவாவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.