பாஸ்வேர்ட் கேட்காத ஏணை



போன எபிசோட்டின் கடைசியில் "மகளுக்கு ஒரு வயசாகப் போகுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து இன்பொக்ஸ் நிறைய ஒரே கேள்விதான். அண்ணா, எந்த பேபி மொனிட்டர்? எந்த ஆப்? எது வாங்கினால் உழைக்கும்? கேட்டவர்களில் பாதிப் பேர் முதல் பிள்ளையை எதிர்பார்த்திருப்பவர்கள், மற்றப் பாதி அக்காவுக்கோ மச்சாளுக்கோ பரிசு வாங்க யோசிப்பவர்கள். டெக் பாட்காஸ்ட் நடத்துகிற ஆள் இப்படிச் சொல்வது கொஞ்சம் வெட்கம்தான்: எங்கட வீட்டில் இந்த ஒரு வருடம் உண்மையாக உழைத்த சாமான் ஒன்றுக்கும் ஆப் கிடையாது.

ஆப் இருந்த சாமான் ஒன்று இருந்தது. பிள்ளை பிறக்க முதலே ஒரு ஸ்மார்ட் காலுறை வாங்கி வைத்திருந்தேன். இதயத் துடிப்பையும் ஒட்சிசன் அளவையும் போனுக்கு அனுப்பும். எனக்குத் தொழிலே மொனிட்டரிங். மற்றவர்களின் சேர்வர்களுக்கு டாஷ்போர்ட் கட்டிக் கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறேன். அப்ப மகளுக்கும் ஒரு டாஷ்போர்ட் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை, விடியப்புறம் மூன்று மணிக்கு அலாரம் அடித்தது. மனைவி பாய்ந்து பிள்ளையைத் தூக்கினா. நான் 112க்கு அடிக்கப் போனை எடுத்தேன், கை நடுங்குது, திரை திறக்குதில்லை. மகள் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி நித்திரை. பிறகு பார்த்தால் ரவுட்டர் அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. மூன்று மணிக்கு அப்டேட் செய் என்று செட் பண்ணி வைத்ததும் நான்தான். காலுறையில் ஒரு பிழையும் இல்லை.

பிழை எங்கே என்றால், அடுத்த இரண்டு கிழமையும் நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்தேன். 97, 98, 96. ஏன் 96? எங்கட தொழிலில் ஒரு விதி உண்டு: அலேர்ட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்க முடியாவிட்டால், அந்த அலேர்ட்டை அனுப்பாதே. "96 வந்தால்" என்று எழுதிவிட்டு அதற்குப் பக்கத்தில் நான் எதை எழுதுவது?

இது என்னுடைய பயந்த சுபாவம் மட்டும் இல்லை. சுகமாக இருக்கும் குழந்தைக்கு வீட்டில் இப்படி மொனிட்டர் பூட்டுவதைத் திடீர் சிசு மரணத்தைத் தடுக்கும் வழியாக அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பதில்லை. இந்தச் சந்தையின் பெரிய பெயரான ஓலெட் கம்பனிக்கு, அனுமதி எடுக்காமல் விற்கிறாய் என்று 2021 ஒக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவர்கள் அனுமதி எடுத்தது 2023இல். (நான் வாங்கியது வேறு கம்பனியுடையது.) டென்மார்க்கில் சொல்லித் தருவது மூன்றே விஷயம்: முதுகில் படுக்க வை, பக்கத்தில் சிகரெட் வேண்டாம், அளவுக்கு மீறிச் சூடாக்காதே. மூன்றுக்கும் பற்றறி தேவையில்லை.

சரி, எது உழைத்தது? முதலாவது தள்ளுவண்டி. படுக்கை பெரிதாக, சில்லு பெரிதாக இருக்கும் பழைய டேனிஷ் வகை. டி.பி.ஏ.யில் செகண்ட் ஹான்டாக வாங்கினோம், எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் அதில் படுத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது நொரெப்ரோவில், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. வண்டி கீழே முற்றத்தில் நிற்கும், மகள் பகல் நித்திரையை அங்கேதான் கொள்ளுவாள், ஜனவரியிலும். கம்பளி உடுப்பு, தலைக்குத் தொப்பி, மேலே பூனை வலை, பக்கத்தில் சத்தம் மட்டும் கேட்கிற சாதாரண பேபி அலாரம். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உள்ளே எடு என்று எங்கட சுகாதாரத் தாதி சொல்லியிருந்தா. வெளிநாட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். 1997இல் நியூயோர்க்கில் ஒரு டேனிஷ் தாய் உணவகத்துக்கு வெளியே வண்டியில் பிள்ளையை விட்டுவிட்டு உள்ளே இருந்ததற்காகக் கைதானவர்.

அம்மா ஹேர்னிங்கில் இருந்து வந்து இதைப் பார்த்துவிட்டு இரண்டு மணித்தியாலம் யன்னலை விட்டு அசையவில்லை. "உன்னை நான் ஒருநாளும் இப்பிடி வெளியில விடேல்ல" என்றா. பிறகுதான் கேட்டா, "ஏணை கட்டேல்லையா?"

1990இல் நான் பிறந்தபோது வாடகை வீட்டுச் சீலிங்கில் கொக்கி போட விட மாட்டார்கள் என்று, அப்பா வேலை செய்த இடத்தில் கழிவுப் பலகை கேட்டு வாங்கி ஒரு நிலை அடித்திருக்கிறார். அதில் அம்மாவின் சேலை. வீட்டுக்கு வந்த தாதி அதைப் பார்த்து முகம் சுளித்தாவாம். இன்றைக்கு அதே சாமானுக்கு டேனிஷில் ஸ்லுங்கவுக்கெ என்று பெயர். மூன்பூன் போன்ற கம்பனிகள் அதை ஆட்டுவதற்கு மோட்டரே விற்கின்றன. பெயர் மாறினதும் விலையும் மாறிவிட்டது.

நாங்கள் கொக்கியும் ஸ்பிரிங்கும் வாங்கி உத்தரத்தில் பூட்டினோம். சேலை அம்மாவுடையது. ஆனால் அந்தத் தாதி சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது. பிள்ளை நித்திரைக்கு மட்டமான, இறுக்கமான மெத்தைதான் சரி. ஆகவே இரவில் கட்டில், ஏணை பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உருளத் தொடங்கியதும் கழற்றிவிட்டோம். அம்மாவுக்குக் கோபம், பரவாயில்லை.

இப்ப ஸ்னூவைப் பாருங்கள். அழுகை கேட்டால் தானே ஆட்டுகிற அமெரிக்கத் தொட்டில், புதிதாக 1,600 டொலருக்கு மேல். பிள்ளை அதில் படுப்பது ஆறு மாதம், அதனால் எல்லோரும் கைமாற்றினார்கள். 2024 ஜூலையில் கம்பனி, செகண்ட் ஹான்டாக வாங்கியவர் ஆப்பின் சில வசதிகளுக்கு மாதம் 20 டொலர் கட்ட வேண்டும் என்றது. மோட்டர் அதே மோட்டர்தான். சேர்வருக்குக் காசு வேண்டும் என்பது எனக்கு விளங்கும், நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். ஆனால் பிள்ளைச் சாமான் என்றால் ஒரு வீட்டில் முடிந்து அடுத்த வீட்டுக்குப் போவது. எங்கட ஆக்கள் இங்கே வந்து இறங்கிய காலத்தில் ஒரே குளிர் உடுப்பை நாலு குடும்பம் போட்டு வளர்ந்தோம். அதைத் தடுக்கிற எதையும் நான் நல்ல சாமான் என்று சொல்ல மாட்டேன். வாங்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இதை மச்சாளிடம் அப்படியே தூக்கிக் கொடுக்கலாமா?

மிச்சம் சின்னச் சாமான். பருத்தித் துணி இருபதாவது வேண்டும், அம்மாவின் பழைய சேலைத் துண்டு கடைத் துணியை விட நல்லது. பெட்டிச் சைக்கிளுக்கு அவசரமில்லை. பால் போத்தல் சூடாக்கும் மெஷின் வேண்டாம், கேத்தில் இருக்கிறது.

ஏணையை அடுத்த கிழமை வல்பியில் இருக்கும் ஒரு தங்கச்சிக்குக் கொடுக்கிறேன். கொக்கி, ஸ்பிரிங், திருகாணி எல்லாம் ஒரு பையில் ரெடி. காலுறையையும் கேட்டிருக்கிறா. அது லாச்சிக்குள்ளதான் கிடக்குது, கொடுக்க முதல் என் எக்கவுண்டில் இருந்து கழற்ற வேண்டும், பாஸ்வேர்ட்தான் ஞாபகம் வருதில்லை.