ஒரு ராத்திரிக்கு 6 ஆயிரம் ரூபாயா?

பவுர்ணமி வந்தால் லாட்ஜ் வாடகை எகிறும் மர்மம்

பவுர்ணமி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள சிங்காரப்பேட்டைக்காரர்கள் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரோட்டைப் பார்த்தாலே போதும்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓரத்தில், ஊத்தங்கரையைத் தாண்டி இருக்கிறது இந்த ஊர். பக்கத்தில் ஜவ்வாது மலை. ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் ரோடு நேராகச் செங்கத்துக்கும், அங்கிருந்து திருவண்ணாமலைக்கும் போகிறது. பழைய கணவாய் வழி இது. 1767-ம் ஆண்டு ஐதர் அலியின் படை வெள்ளையர் படையைத் துரத்திக்கொண்டு போய்ச் செங்கத்தில் மோதியது இந்த வழியாகத்தான்.

இப்போது அதே வழியில் படை எடுத்து வருபவை, பெங்களூர் கார்களும் ஓசூர் வேன்களும். எல்லாம் கிரிவலத்துக்கு. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் நடை. நடந்து முடித்தவர்கள் எங்கே படுப்பார்கள்? இன்றைய கட்டுரை அதைப் பற்றித்தான்.

போனில் ஒரு விலை

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். பவுர்ணமிக்குப் போக ஆசை. லாட்ஜுக்குப் போன் போடுகிறார்.

"அண்ணே, ரூம் இருக்குதுங்களா?"

"இருக்கு தம்பி. ஆறாயிரம்."

"போன மாசம் தொள்ளாயிரம்னு சொன்னீங்களே!"

"அது செவ்வாய்க்கிழமை தம்பி. இது பவுர்ணமி!"

அதே அறை. அதே கட்டில். அதே மின்விசிறி. சுவரில் சுண்ணாம்புகூடப் புதிதாக அடிக்கவில்லை. பிறகு எப்படி விலை ஆறு மடங்குக்கு மேல் ஏறியது?

"கொள்ளை அடிக்கிறார்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால்தான், எங்கே கணக்கு முடிகிறது, எங்கே கொள்ளை ஆரம்பிக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அழுகும் சரக்கு

ராயக்கோட்டை சந்தையில் தக்காளி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு விலை. உச்சி வெயிலில் ஒரு விலை. மாலையில், "வந்த விலைக்குக் கொடு" என்று தள்ளிவிடுவார்கள். காரணம், நாளைக்கு அது அழுகிவிடும்.

லாட்ஜ் அறை தக்காளியைவிட மோசமான சரக்கு. தக்காளியாவது இரண்டு நாள் தாங்கும். இன்று ராத்திரி ஆள் வராத அறை, பொழுது விடிந்தால் போயே போய்விட்டது. அந்த ராத்திரியை நாளைக்கு விற்க முடியாது. ஆனால் வேலையாள் சம்பளம், மின்சாரக் கட்டணம், பாங்கிக் கடனுக்கு வட்டி எல்லாம் ஆள் வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

பத்து அறை உள்ள ஒரு லாட்ஜ். மாதச் செலவு ரூ.1,80,000. மாதத்தில் 24 நாள் கூட்டம் இல்லை. அந்த நாட்களில் மூன்று அறைதான் நிரம்பும். பவுர்ணமியை ஒட்டி 2 நாள், சனிக்கிழமை 4 நாள், ஆக 6 நாள் பத்து அறையும் நிரம்பும்.

சாதாரண நாளில் வாடகை ரூ.900. அதற்கு மேல் சொன்னால் அந்த மூன்று பேரும் வரமாட்டார்கள். 24 நாளைக்கு 72 அறை. வரவு ரூ.64,800.

மீதிச் செலவு ரூ.1,15,200. இதை 6 நாள் கூட்டத்தில்தான் எடுத்தாக வேண்டும். அந்த 6 நாளில் 60 அறை. வகுத்தால் ஓர் அறைக்கு ரூ.1,920.

ஆகவே, கூட்ட நாளில் வாடகை 900-லிருந்து 1,900-க்கு ஏறினால் முதலாளிக்கு நஷ்டம் இல்லை. லாபமும் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ரூ.2,500 என்று வைத்தால்கூடக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ரூ.6,000?

பவுர்ணமிக்கு 2 நாள், 20 அறை. ரூ.6,000 வீதம் ரூ.1,20,000. மாதச் செலவின் மிச்சம் முழுவதும் அந்த இரண்டே நாளில் வந்துவிட்டது! நான்கு சனிக்கிழமை வருமானமும் அப்படியே பெட்டிக்குள் போகிறது.

ஆக, இரண்டு மடங்கு வரைக்கும் கணக்கு. அதற்கு மேலே கொஞ்சம் லாபம். ஆறு மடங்கு என்பது, 14 கிலோ மீட்டர் நடந்து கால் வலிக்கும் மனிதனுக்கு வேறு வழி இல்லை என்பதற்கான விலை. இது என் அபிப்பிராயம். லாட்ஜ் முதலாளிகள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இந்த வித்தையை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகாய விமானக் கம்பெனிகள் 1980-களிலேயே அமெரிக்காவில் இதை ஆரம்பித்துவிட்டன. நம் ரெயில்வேயும் 2016 செப்டம்பரில் ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரெயில்களில் கொண்டுவந்தது. நூற்றில் பத்து இடம் விற்றதும் அடுத்த பத்து இடத்துக்குக் கட்டணம் ஏறும். ஆனால் அங்கே ஓர் எல்லை உண்டு. அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று அப்போதே வரம்பு கட்டினார்கள். லாட்ஜுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. பிஸ்கட் பொட்டலத்தில் அதிகபட்ச விலை அச்சடித்திருக்கிறது. அறைக் கதவில் அப்படி எதுவும் இல்லை.

கூடாரத்திலும் அதே கதை

இப்போது ஏலகிரி போன்ற மலைகளில் புதிய நாகரிகம் ஒன்று பரவியிருக்கிறது. கூடாரம் அடித்துத் தங்குவது! பெங்களூர் இளைஞர்களுக்கு இதில் ஒரே மோகம்.

இதற்கும் வெளிநாட்டில் ஒரு கதை உண்டு. 1962-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடந்தது. மக்கள் காரை எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வழியில் பில்லிங்ஸ் என்ற ஊரில் ஒரு வியாபாரி ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்க இடம் விட்டார். அடுப்பு, மேஜை, குளிக்க வெந்நீர் எல்லாம் உண்டு. ஒரு ராத்திரிக்கு ஒன்றே முக்கால் டாலர். இன்று "கே.ஓ.ஏ." என்ற பெயரில் அது பெரிய நிறுவனம்.

அந்த நாட்டுக் கூடாரத் திடல்களில் இப்போது என்னென்ன வாங்குகிறார்கள் தெரியுமா? மின்சார இணைப்புக்குத் தனி. விறகுக்குத் தனி. இரண்டாவது காருக்குத் தனி. நாய்க்குட்டிக்குத் தனி. "இந்த மரத்தடிதான் வேண்டும்" என்று இடத்தைக் குறித்து வைத்தால் அதற்கும் தனி!

நம் ஊரிலும் பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது. கூடார வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். போனபிறகு, ராத்திரி நெருப்பு மூட்டிக் குளிர்காய ஒரு தொகை, கோழி வாட்ட ஒரு தொகை, பாட்டுப் பெட்டிக்கு ஒரு தொகை.

கூடாரத்தில் விலை மலிவாக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ராத்திரிக் காவலுக்கு ஆள் உண்டா? கக்கூஸ் எவ்வளவு தூரம்? அனுமதி வாங்கி நடத்துகிறார்களா? 2021 ஜனவரியில் கேரளத்தில் வயநாட்டில், கூடார விடுதியில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். காவல், வேலி, விளக்கு எல்லாம் காசு. அவற்றை விட்டுவிட்டால் வாடகையைக் குறைத்துக் காட்டுவது சுலபம்.

சொட்டுச் சொட்டாக ஏறும் பில்

பெரிய வாடகையைவிட, சில்லறைக் கட்டணம்தான் குடும்பத்தைத் தடுமாற வைக்கிறது. பெரிய தொகையைப் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சில்லறையோ, பெட்டி படுக்கையோடு வாசலில் போய் நின்ற பிறகு வருகிறது. பிள்ளைகள் தூங்கி வழிகின்றன. தாயாருக்குக் கால் வீக்கம். அந்த நேரத்தில் யார் திரும்பிப் போவார்கள்?

அதிகப்படி படுக்கை. பத்து வயதுப் பையனுக்கு முழு ஆள் கணக்கு. கார் நிறுத்த. ஏ.சி. போட. அதைவிட முக்கியம், நாள் கணக்கு. சில லாட்ஜில் 24 மணி நேரம் ஒரு நாள். சில இடத்தில் பகல் 12 மணியோடு நாள் முடிந்தது. விடியற்காலை 4 மணிக்குக் கிரிவலம் முடித்து உள்ளே போகிறவருக்கு, 12 மணிக் கணக்கில் எட்டே மணி நேரம்தான் கிடைக்கும். வாடகையோ முழு நாளுக்கு!

முதலில் சின்ன விலையைக் காட்டிவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்கு அரசாங்கமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந்தேதி ஓர் உத்தரவு போட்டது. செயலிகளிலும் இணையதளங்களிலும் நடக்கும் 13 வகை ஏமாற்று வேலைகளை அதில் தடை செய்தது. சொட்டு விலை அந்தப் பதிமூன்றில் ஒன்று. ஆகவே செயலியில் அறை பிடிப்பவருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அமெரிக்காவிலும் 2025 மே மாதம் முதல், தங்கும் இடங்கள் எல்லாக் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

சாப்பாட்டு பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்ப்பதும் கூடாது. 2022 ஜூலையில் அந்த ஆணையம் சொன்னது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வரியில் ஒரு வேடிக்கை

அறை வாடகைக்கு ஜி.எஸ்.டி. வரி உண்டு. சட்டத்தின் வாசகத்தில் ஓட்டல், விடுதி, விருந்தினர் இல்லம் என்று வரிசையாகச் சொல்லி, கூடாரத் திடலையும் சேர்த்திருக்கிறார்கள். துணிக் கூரையும் தப்பவில்லை!

2022 ஜூலை 17 வரை, ஆயிரம் ரூபாய்க்குள் வாடகை என்றால் வரியே கிடையாது. மறுநாள் முதல் நூற்றுக்கு 12 ரூபாய் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 5 ரூபாய். ஆக, 900 ரூபாய் அறைக்கு முதலில் வரி இல்லை. பிறகு 108 ரூபாய். அதன் பிறகு 45 ரூபாய்.

இந்த 5 ரூபாய்க் கணக்கு ரூ.7,500 வாடகை வரைதான். அதைத் தாண்டினால் நூற்றுக்கு 18. ரூ.7,500 அறைக்கு வரி ரூ.375. ரூ.7,600 அறைக்கு வரி ரூ.1,368. நூறு ரூபாய் வாடகை கூட, கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் வரி கூடுகிறது! பவுர்ணமியன்று வாடகையை ஏற்றுகிறவர்கள்கூட இந்தக் கோட்டருகே வந்ததும் யோசிப்பார்கள்.

இன்னொரு சங்கதி. வருஷ வியாபாரம் 20 லட்சத்துக்கு உள்ளே இருக்கும் சின்ன லாட்ஜ் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் வரி வசூலிக்கவும் கூடாது. (செயலி மூலம் அறை பிடித்தால் வரியைச் செயலிக்காரர் கட்டவேண்டும். அது வேறு.) பில்லில் பதிவு எண் இல்லாமல் வெறுமனே "வரி" என்று எழுதியிருந்தால், "எண் எங்கே அண்ணே?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

சத்திரம் இருந்த தேசம்

வழிப்போக்கனிடம் படுக்கைக்குக் காசு வாங்குவது நம் நாட்டுக்குப் புதுசு. மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டுச் சத்திரத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் 1867-ல் சராய் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். அந்தச் சட்டம்கூட, விடுதி நடத்துகிறவன் கட்டணப் பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும் என்றது. 150 வருஷத்துக்கு முன்னால்!

இன்றும் மடங்களும் ஆசிரமங்களும் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இடம் கொடுக்கிறார்கள். வாடகை நிர்ணயம் கிடையாது. ஆனால் லட்சக்கணக்கில் கூடும் பவுர்ணமிக் கூட்டத்துக்கு இவை எந்த மூலைக்கு? பாதிப் பேர் கிரிவலப் பாதை ஓரத்திலேயே துண்டை விரித்துப் படுக்கிறார்கள். அவர்களுக்குச் சுத்தமான கக்கூசும், மழைக்கு ஒரு கூரையும் இருந்தாலே லாட்ஜ்காரரின் ஆறாயிரம் தானாக இறங்கிவிடும். வேறு போக்கிடம் இருக்கும்போது எவனும் ஆறாயிரம் கேட்கமாட்டான்.

முன்பணம் திரும்புமா?

2024 டிசம்பர் 1-ந்தேதியை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க முடியாது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் மழை. ரோட்டில் வாகனங்கள் மிதந்தன. திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அதே மாதம் 13-ந்தேதி கார்த்திகை தீபம். தீபத்தன்று மலை ஏற மக்களுக்கு அனுமதி இல்லை.

அப்படி ஒரு மழை மறுபடி வந்து, பயணத்தை நிறுத்தினால் கட்டிய முன்பணம் என்ன ஆகும்? கூட்ட நாட்களில் "பணம் திரும்பாது" என்று நிபந்தனை போடுவது வழக்கம். பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. வாய் வார்த்தையாக வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கூடவே இதையும் கேளுங்கள்: "அண்ணே, பெரியவங்க மூணு, பிள்ளைங்க ரெண்டு. கார் ஒண்ணு. வரி, ஏ.சி. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை மணிக்கு ரூமைக் காலி பண்ணணும்?"

சொன்னதற்கு மேல் வாங்கினால் பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.