எழுத்துத் திருட்டும் துறைத் தலைவரின் நாற்காலியும்

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட ஏறத்தாழ 70 கட்டுரைகள் களவாடப்பட்டவை அல்லது புனையப்பட்டவை என்ற குற்றச்சாட்டு 2008இல் உலகெங்கும் பேசப்பட்டது. பன்னாட்டு ஆய்விதழ்கள் பல கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பல்கலைக்கழகம் அவர் ஆய்வு மாணவர்களை வழிநடத்தவும் நிர்வாகப் பொறுப்பு வகிக்கவும் தடை விதித்தது.

அங்கே திருட்டுக் கொடுத்தவர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்கள். அவர்களுக்காகப் பேச இதழாசிரியர்கள் இருந்தனர். திருட்டுக் கொடுத்தவர் அதே துறையில் பயிலும் தலித் ஆய்வு மாணவராக இருந்தால் என்ன நடக்கும்?

ஐயம் எழுந்தால் இதழ்கள் செய்ய வேண்டியதை 1997இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட வெளியீட்டு நெறிகள் குழு வகுத்துள்ளது. முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும். தக்க விடை கிடைக்காவிட்டால் அவருடைய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஆக, விசாரணை மீண்டும் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கே வந்து சேர்கிறது.

அந்த வாசலில் நிற்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள். அவற்றின்படி துறை அளவிலான விசாரணைக் குழுவுக்குத் துறைத் தலைவரே தலைவர். குற்றச்சாட்டுக்குள்ளான உறுப்பினர் விலகியிருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் எஞ்சி அமர்வோர் அவருடைய சகாக்களே. குழுவில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பிறர் கருத்தைத் தனதாகக் காட்டுவதும் திருட்டே என்கின்றன அதே விதிகள். தண்டனையோ சொல் ஒற்றுமையின் விழுக்காட்டை வைத்தே அளக்கப்படுகிறது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை; 60 விழுக்காட்டைத் தாண்டினாலும், வெளியான கட்டுரைக்கு அதைத் திரும்பப் பெறுதல், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு மறுப்பு, மூன்றாண்டு நெறியாளர் தடை ஆகியவையே. ஒரு மாணவி சேரியில் மாதக்கணக்கில் திரட்டிய வழக்காறுகளை நெறியாளர் தம் நடையில் மாற்றி எழுதினால், எந்த மென்பொருள் அதைப் பிடிக்கும்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களுக்கு உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் வட்டாரங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வருகிறார்கள். உதவித்தொகைப் படிவம் முதல் வாய்மொழித் தேர்வு வரை அவர்களுக்கு நெறியாளரின் கையொப்பம் தேவை. அந்தக் கைக்கு எதிராகப் புகார் எழுதுவது ஆய்வையே பணயம் வைப்பதாகும். துணிந்து எழுதி வென்றாலும், இதழ் கட்டுரையை நீக்கும். பறிகொடுத்தவரின் பெயரை அந்த இடத்தில் ஏற்றாது.

எனவே விசாரணை துறைக்கு வெளியே தொடங்க வேண்டும். குழுவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பேராசிரியர் ஒருவரேனும் கட்டாயம் இருக்க வேண்டும். புகார் நிலுவையில் உள்ளபோது மாணவருக்கு மாற்று நெறியாளர் வேண்டும். களக்குறிப்பு யாருடையது, எழுத்து யாருடையது என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் இதழ்கள் அச்சிட வேண்டும். உழைத்தவருக்கு உரியதைக் கேட்பது சலுகை கோருவதாகாது. வயலில் கேட்ட கூலியைப் போலவே ஆய்வில் கேட்கும் பெயரும் உரிமையே.