பரப்பளவு மட்டும் போதாது

2025ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு, உலோகமும் கரிம மூலக்கூறும் கோத்த சட்டகங்களை உருவாக்கியதற்காகக் கியோட்டோவின் சுசுமு கிடகாவா, மெல்போர்னின் ரிச்சர்ட் ராப்சன், பெர்க்லியின் ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, உலகம் பெரிதும் வியந்து பேசியது ஒரே விஷயத்தைத்தான்: சில கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு மடங்கிக் கிடக்கிறதாம். வியப்பு நியாயமானதே. ஆனால் இந்த எண், ஒரு பதார்த்தம் அதிகபட்சம் எவ்வளவு வாயுவுக்கு இடம் கொடுக்கக்கூடும் என்பதைச் சொல்லுமேயன்றி, அதை எந்த அழுத்தத்தில் ஏற்று எந்த அழுத்தத்தில் விடும், அப்போது எவ்வளவு உஷ்ணம் கக்கும், அதற்கிடையே அந்தப் பதார்த்தம் தன் உருவத்தோடு இருக்குமா என்பவற்றில் ஒன்றையும் சொல்லாது. நெகிழும் தன்மையுள்ள நுண்துளைப் பதார்த்தங்களைப் பொறுத்தவரை, மதிப்பீட்டின் அளவுகோல் பரப்பளவாக இருக்கக் கூடாது. சட்டகத்தின் வெப்ப இயக்கவியலே அளவுகோலாக வேண்டும் என்பது என் துணிபு.

லாங்மியூர் 1918இல் வகுத்த பரப்புக் கவர்ச்சிக் கோட்பாட்டில் திடப்பொருள் ஒரு வெறும் மேடை. அதன் மேல் வாயு மூலக்கூறுகள் வந்து அமர்கின்றன, எழுந்து போகின்றன. மேடைக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துப் பருத்து, நிலையோடு இறுகிக்கொள்ளும் மரக் கதவைத் தள்ளித் திறந்தவர் எவரும் இதை முழுதாக நம்பியிருக்க மாட்டார். கரி கூட வாயுவைக் கவரும்போது விரிகிறது என்பதை பாங்கமும் ஃபகூரியும் 1928இலேயே அளந்து காட்டினார்கள். எனினும் கரியின் விரிவு அற்பமானது. கணக்கில் அதை விட்டுவிட்டால் குடிமுழுகிப் போகாது என்று விஞ்ஞானிகள் விட்டுவிட்டதில் பெரிய பிழையும் இல்லை.

பிழையாக ஆனது மில்-53 வந்த பிறகு. பிரான்ஸில் வெர்சாய் நகரத்தில் ஜெரார் ஃபெரே குழுவினர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கிய இச்சட்டகத்தில், குரோமியம் அல்லது அலுமினியச் சங்கிலிகளை டெரிதாலிக் அமிலம் (பாலியெஸ்டர் துணிக்கு மூலப்பொருளாகும் அதே சாதாரண அமிலந்தான்) குறுக்கே பிணைத்து, சாய்சதுர வாய்களையுடைய நீண்ட குழாய்களை அமைக்கிறது. குரோமியச் சட்டகத்தை உலர்த்தி அறை வெப்பத்தில் வைத்தால் குழாய்கள் அகலத் திறந்திருக்கும். கரியமில வாயுவை மிகச் சிறிதளவு உள்ளே விட்டால், விரிய வேண்டியது போக, சட்டகம் சுருங்கி, அதன் கனஅளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அழுத்தம் ஐந்தாறு வளிமண்டல அளவை எட்டும்போது மறுபடியும் விரிந்து பழைய உருவத்தை அடைகிறது. வாயுவே இறுக்கிற்று, அதே வாயுவே திறந்தது.

இந்த முரண்பாட்டை விளக்குவதற்கு இயற்கையின் விதிகளில் புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. கணக்கில் திடப்பொருளையும் ஒரு தரப்பாகச் சேர்த்தாலே போதுமாயிருந்தது. கூடேர், ஃபுக்ஸ், பூத்தேன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் செய்தது இதுவே. வெப்பநிலையும், வெளியழுத்தமும், வாயுவின் ரசாயன அழுத்தமும் நிலையாக இருக்கையில், சட்டகத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் சொந்தக் கட்டிலா ஆற்றலோடு, அதில் குடியேறிய வாயுவினால் கிடைக்கும் ஆதாயத்தையும் கூட்டிப் பார்த்து, எந்த வடிவத்துக்கு மொத்தம் மிகக் குறைவோ அதுவே நிலைபெறும் என்று கொள்ள வேண்டும். வெறுமையாயிருக்கும்போது திறந்த வடிவம் ஜயிக்கிறது. சட்டகத்தின் தளர்ந்த அதிர்வுகளுக்கு அங்கே அதிக இடமிருப்பதால் அதன் என்ட்ரோபி அதிகம். ஒடுங்கிய குழாயோ வாயு மூலக்கூறை நாற்புறமும் நெருக்கி அணைத்துக்கொள்வதால், வாயு சொற்பமாயிருக்கும்போது ஆதாயம் அதன் பக்கம் போகிறது. ஆனால் ஒடுங்கிய குழாய் சீக்கிரமே நிரம்பிவிடும். அழுத்தம் ஏற ஏற, அணைப்பின் இறுக்கத்தைவிட இடத்தின் தாராளம் மேலோங்கி, திறந்த வடிவம் மீண்டும் வெல்கிறது. இரு வடிவங்களுக்குமிடையே வெறுஞ்சட்டகத்தின் கட்டிலா ஆற்றலில் உள்ள வித்தியாசம் சில கிலோஜூல்களே என்பதையும், கரியமில வாயுவைக் கவரும்போது மோலுக்குப் பல்லாயிரம் ஜூல் வெளிப்படுவதையும் சேர்த்து நோக்கினால், இத்தனை பெரிய உருமாற்றத்தை இத்தனை சொற்பமான வாயு எப்படி நிகழ்த்துகிறது என்ற ஐயம் தீர்ந்துவிடும்.

இதனால் பிரயோஜனம் என்ன என்று கேட்போர் மீத்தேன் தொட்டியைப் பார்க்கட்டும். வாகன எஞ்சினுக்கு வாயுவைச் செலுத்தத் தொட்டியில் சுமார் ஆறு வளிமண்டல அழுத்தமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று பொதுவாகக் கொள்வதால், அதற்குக் கீழே பிடித்துவைக்கப்பட்ட வாயு முழுவதும் முடங்கிய மூலதனமே. பரப்பளவில் பெருமை பேசும் விறைப்பான சட்டகங்கள் பலவும் இங்கே தோற்கின்றன. பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழுவினர் 2015இல் வெளியிட்ட கோபால்ட்டுச் சட்டகமோ தாழ்ந்த அழுத்தத்தில் மூடிக் கிடந்து, அழுத்தம் உயர்ந்தபின் சட்டென்று திறந்து வாயுவை ஏற்று, இறங்கும்போது அநேகமாக முழுவதையும் கொடுத்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது உஷ்ணம்: கவர்ச்சியினால் வெளிப்படும் உஷ்ணத்தில் ஒரு பகுதியைச் சட்டகம் திறப்பதற்கு வேண்டிய சக்தியாக அதுவே உட்கொள்வதால், தொட்டி சூடேறும் தொல்லை குறைகிறது. எந்தப் பரப்பளவு அட்டவணையிலும் இந்தக் குணத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

ஆனால் சமநிலைக் கணக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் விடை தந்துவிடும் என்று எண்ணுவதும் அதிகப்பிரசங்கித்தனம். வெறும் அலுமினிய மில்-53ஐக் குளிர்வித்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 125 பாகையைத் தாண்டியபின் மூடிக்கொள்கிறது. திரும்பச் சூடாக்கினாலோ 50 பாகைக்கு மேல் போகும்வரை திறப்பதில்லை. போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்ற இந்தத் தயக்கம், ஒவ்வொரு சுற்றிலும் சக்தியைத் தின்கிறது. டிரெஸ்டனில் ஸ்டெஃபான் காஸ்கெல் குழுவினர் 2016இல் அறிவித்த டட்-49 இன்னும் விசித்திரமானது: வாயுவின் அழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் அது திடீரென்று சுருங்கி, ஏற்றுக்கொண்டிருந்த வாயுவில் ஒரு பங்கை வெளியே தள்ளுகிறது. சமநிலையில் இது நடக்கவே முடியாது; அழுத்தம் ஏற, கவர்ந்த அளவு குறையக் கூடாது என்பது ஸ்திரத்தன்மையின் விதி. விதி மீறப்படவில்லை. மூட வேண்டிய தருணம் கடந்தும், இடையிலுள்ள சக்தித் தடையைத் தாண்ட மாட்டாமல் திறந்தே நின்ற சட்டகம், தாமதமாகத் தன் கடனைத் தீர்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதே டட்-49 போதிய அளவு சிறிய படிகங்களாக இருந்தால் அந்த விசித்திரத்தைக் காட்டுவதில்லை. கிடகாவா குழுவினர் 2013இல் ஆராய்ந்த வேறொரு சட்டகத்தில், படிகம் சிறுத்தபோது, வாயு நீங்கிய பிறகும் திறந்த வடிவமே தங்கிவிட்டது. ஆக, ஒரு பதார்த்தத்தின் பெயரையும் கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற எண்ணையும் மட்டும் தெரிவிக்கும் ஆய்வேடு, அதைத் தொட்டியில் நிரப்ப வேண்டிய பொறியாளருக்கு அவசியமானதைத் தெரிவித்ததாகாது. வாயு ஏறும் வளைவோடு இறங்கும் வளைவையும், இரண்டுக்கும் இடையே கைமாறும் உஷ்ணத்தையும், அளவீட்டுக்கு எடுத்துக்கொண்ட படிகத்தின் பருமனையும் ஆராய்ச்சிப் பத்திரிகைகள் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும்.