மில்லிசெகண்டு முதல் ஆண்டுக் கணக்கு வரை

கோயில் திருவிழாக் கச்சேரி. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். இடைவெளி கண் சிமிட்டும் நேரம்தான். மேடை விளக்குகள் ஒருமுறை மங்கி மறுபடி பளிச்சென்றன. கீபோர்டு வாசித்தவர் முன்யோசனைக்காரர், ஸ்டாண்டுக்கு அடியில் சின்ன யு.பி.எஸ். ஒன்று வைத்திருந்தார். என் காலடியில் கிடந்த ப்ராசஸர் மட்டும் தயாரிப்பாளரின் சின்னத்தைத் திரையில் காட்டிக்கொண்டு நிதானமாக உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. பாடகர் பல்லவியை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இடையிசையில் கிட்டார் எடுக்க வேண்டிய இடம். புல்லாங்குழல்காரர் புண்ணியத்தில் மானம் தப்பியது. பெட்டி தயாராக முக்கால் நிமிடம் ஆயிற்று. அந்தப் பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்ப்கள் இருந்தன. அன்றைக்கு எனக்கு ஒன்று போதுமாயிருந்தது.

நாம் ப்ராசஸர் என்றே சொல்லிப் பழகிய ஆம்ப் மாடலருக்கு முப்பது வயது ஆகிவிட்டது. 1995-இல் ரோலண்டின் வி.ஜி.-8, 1998-இல் லைன் 6-இன் சிவப்புச் சிறுநீரக வடிவ பாட், 2006-இல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்.எக்ஸ்., 2011-இல் கெம்பர், 2015-இல் ஹீலிக்ஸ், அதன்பின் நியூரல் நெட்வொர்க்கை நம்பி வந்த குவாட் கார்டெக்ஸ், இப்போது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய நியூரல் ஆம்ப் மாடலர் என்று வரிசை நீண்டுவிட்டது. மற்ற வாத்தியங்களோடு கலந்து பதிவான பிறகு எது வால்வு, எது மாடலர் என்று அடித்துச் சொல்லக்கூடிய காது நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒலிச் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு புதிய மாடலும் இன்னும் ஐம்பது ஆம்ப், இன்னும் வேகமான சிப் என்றுதான் விளம்பரமாகிறது.

அடுத்த தலைமுறைக் கருவியில் என்ன வேண்டும் என்று வாசிப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு குறை சொல்வார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது: எல்லாமே நேரத்தைப் பற்றிய குறைகள். சில மிகச் சின்ன நேரம், சில ஆண்டுக் கணக்கு.

மிகச் சின்னதிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான மாடலர்கள் ஒரு வினாடியை 48,000 துண்டாக்கித்தான் கேட்கின்றன. அப்படிக் கேட்கும் கருவிக்கு 24,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உலகம் கிடையாது. ஆனால் டிஸ்டார்ஷன் என்பதே மேலே மேலே புதிய அலைகளைப் பிறப்பிக்கும் வேலை. எல்லையைத் தாண்டிய அலை காணாமல் போவதில்லை. சுவரில் அடித்த பந்து போலக் கீழே திரும்புகிறது. கெயினை நிறைய வைத்து, முதல் ஸ்ட்ரிங்கில் உச்ச ஃபிரெட்டுகளில் ஒரு சுரத்தைப் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். சுரம் ஏறும், அடியில் மெல்லிய விசில் போன்ற ஒன்று இறங்கும். கமகம் பிடிக்கும் கைக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டால் இதை அடக்கலாம். நல்ல கருவிகள் அதைச் செய்கின்றன. புதிய சிப்பின் பலத்தை ஐம்பது ஆம்ப்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் முதலில் இங்கே செலவழிக்கட்டும்.

அடுத்தது மில்லிசெகண்டு. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் பின்னால் ஆம்ப் வைத்து வாசித்த காலத்திலும் நம் காதுக்கு ஒன்பது மில்லிசெகண்டு தாமதமாகத்தான் ஒலி வந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. பிறகு மாடலரின் மூன்று மில்லிசெகண்டை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்? அது தனியாக வருவதில்லை என்பதால். டிஜிட்டல் வயர்லெஸ் ஒரு மூன்று, மாடலர் ஒரு மூன்று, டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று, காதில் மாட்டும் மானிட்டரும் டிஜிட்டல் என்றால் இன்னும் சில. பாட்டை அரைச் சுரம் இறக்கச் சொன்னார்கள் என்று டியூனிங்கைத் தொடாமல் பிட்ச் ஷிஃப்டரைப் போட்டால் கணக்கு இன்னும் ஏறும். ஆறாவது ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். அதன் ஒரு முழு அலை முடியவே 12 மில்லிசெகண்டு ஆகிறது. ஒரு அலையாவது கைக்கு வந்து சேராமல் எந்தக் கருவியும் அதை நம்பகமாக இறக்க முடியாது. இது இயற்பியல், கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பிரீசெட்டில் உள்ளே போன ஒலி வெளியே வர இவ்வளவு நேரம் என்று திரையின் மூலையில் ஓர் எண் தெரியட்டும். எதைக் கழற்றினால் எவ்வளவு மிச்சம் என்பதை நாமே பார்த்துக்கொள்வோம்.

வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில்தான் விரலுக்கும் ஆம்புக்கும் உள்ள உறவு இருக்கிறது. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட் ஆம்ப், வால்வு ரெக்டிஃபையர். பலமாக ஒரு கார்டு அடித்தால் உள்ளே மின்னழுத்தம் சற்றுத் தொய்ந்து பிறகு மீளும். அடுத்த சுரம் எப்படி ஒலிக்கும் என்பது முந்தைய சுரத்தை எப்படி அடித்தோம் என்பதைப் பொறுத்தது. ஆம்புக்கு ஞாபகம் உண்டு என்று சொல்லலாம். உண்மையான ஆம்பின் ஒலியைக் கேட்டு நகலெடுக்கும் கேப்சர் முறையில் பிடித்த ஆம்ப்களில் முதலில் சறுக்குவது இந்த ஞாபகம்தான். தவிர, கேப்சர் என்பது குமிழ்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த புகைப்படம். கெயினை அதற்கு மேல் திருப்பினால் பல கருவிகளில் நமக்குக் கிடைப்பது அந்த ஆம்பின் கெயின் அல்ல, கருவியின் ஊகம். குமிழ்களோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும் கேப்சர்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. அடுத்த தலைமுறை அதைச் சாதாரண விஷயமாக்க வேண்டும். சோதனை எளிது: கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கினால் ஒலி சுருங்காமல் தெளிய வேண்டும். கடையில் நின்று வாங்குகிறவர் பிரீசெட்டுகளைப் புரட்டும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

வினாடிக் கணக்கில் இரண்டே கோரிக்கை. ஒன்று, பிரீசெட் மாறும்போது விழும் மௌனம். சரணத்தின் சுத்தமான ஒலியிலிருந்து சோலோவுக்குத் தாவும் இடத்தில் டிலேயின் வால் துண்டிக்கப்பட்டால் அடுத்த சுரம் எவ்வளவு அழகாக இருந்தும் கேட்பவருக்கு ஒரு பள்ளம் தெரியும். ஒரே பிரீசெட்டுக்குள் சீன், ஸ்னாப்ஷாட் என்று வழி செய்து கொடுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் இருபத்தைந்து பாட்டுக் கச்சேரியை ஒரே பிரீசெட்டில் திணிக்க முடியாது. இரண்டு, முன்பு சொன்ன முக்கால் நிமிடம். மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு உள்ளே ஒரு சின்ன சேமிப்பு வைப்பது பெரிய செலவல்ல. அது முடியாதென்றால், கடைசியாக ஒலித்த பிரீசெட்டை மட்டும் சில வினாடிகளில் எழுப்பிவிட்டு, திரையையும் வைஃபையையும் பிறகு கவனிக்கட்டும்.

நிமிடங்களில் நாம் அதிகம் இழப்பது சவுண்ட் செக்கில். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனில் செதுக்கிய ஒலியை மேடைக்குக் கொண்டு போகிறோம். இரண்டு கார்டு அடித்ததும் மிக்ஸரிலிருந்து குரல் வருகிறது: “அண்ணே, கிட்டார்ல பேஸ் கொழகொழன்னு இருக்கு, கொஞ்சம் குறைங்க.” அவர் சொல்வது சரி. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடி ஒலி குறைவாகவே கேட்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அறையில் அந்தக் குறையை ஈடுகட்ட நாம் ஏற்றியது மேடையில் குழம்பாகிவிடுகிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். மேடையின் பெரிய பெட்டிகள் அடங்காது. குளோபல் ஈ.க்யூ. பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது, மூன்று மெனுவுக்கு உள்ளே. அடிக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என மிக்ஸருக்குப் போகும் ஒலிக்கு இரண்டு குமிழ். எனக்குக் கேட்பதற்குத் தனியாக ஒரு வால்யூம். அந்த மூன்றும் வெளியே, இருட்டில் தடவிப் பார்த்துத் திருப்பும்படி இருந்தால் போதும்.

அளவுக் குழப்பமும் நேரத்தைத் தின்கிறது. யாரோ ஒருவர் தம் வீட்டில் பிடித்த கேப்சரை இறக்குகிறோம். அவருக்கு நொறுங்கிய ஒலி நமக்குச் சுத்தமாக வருகிறது, அல்லது நேர்மாறாக. குறை ஆம்பில் இல்லை. அவர் என்ன அளவில் சிக்னல் அனுப்பினார், நம் கருவி எந்த அளவை முழு அளவாக எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டு எண்கள் பொருந்தவில்லை. அவருடைய எண்ணைக் கோப்பிலேயே எழுதி வைத்தால் கருவி தானே சரிசெய்துகொள்ளும். எல்லாத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ளும் பொது அளவு ஒன்று வேண்டும். கேபிளின் முனை எல்லாக் கம்பெனிக்கும் கால் அங்குலம்தானே. அதில் யாரும் போட்டி போடவில்லை.

கடைசியாக, ஆண்டுக் கணக்கு. 1960-களில் செய்த ஃபெண்டர் ஆம்ப் ஒன்று பழுதாகி வந்தால், விவரம் தெரிந்தவர் கபாசிட்டர்களை மாற்றி, வால்வுகளைப் புதிதாகப் போட்டு வாசிக்கக் கொடுத்துவிடுவார். பத்து வயதான மாடலரின் கதி வேறு. தேய்ந்தது கால் ஸ்விட்ச்தான். ஆனால் அந்த ஸ்விட்ச் எங்கும் கிடைக்காது. பெட்டி நன்றாக இருக்கும். அதைத் திறக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள் செத்திருக்கும். 2019-இல் ஆப்பிள் தன் மேக்கில் 32-பிட் மென்பொருள்களை நிறுத்தியபோது இசைக்காரர்கள் இந்த அனுபவத்தை மொத்தமாகப் பெற்றார்கள். ஆண்டுகள் உட்கார்ந்து செய்த பிரீசெட்டும் கேப்சரும் வேறு கம்பெனிப் பெட்டிக்குள் போகாது என்பது இதைவிடப் பெரிய சிறை. நியூரல் ஆம்ப் மாடலரின் திறந்த கோப்பு இதில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் அதைத் தங்கள் கருவியிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களையும் நாம் நச்சரிக்க வேண்டும்.

நச்சரிப்பதற்கு முன் நம் பங்கையும் ஒப்புக்கொள்வோம். ஆம்ப்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கியது நாம்தான். அந்த எண்ணிக்கையை விமர்சனத்தின் முதல் வரியில் எழுதியது இந்த இதழும்தான். ஆகவே இனி இங்கே வரும் ஒவ்வொரு கருவி விமர்சனமும் ஐந்து எண்களோடு தொடங்கும்: உள்ளிருந்து வெளிவரும் தாமதம், பிரீசெட் மாறும் இடைவெளி, பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி ஒலிக்க ஆகும் வினாடிகள், முழு அளவுக்கான உள்ளீடு, உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தரும் வாக்கு. தராவிட்டால் அந்தக் கட்டத்தில் சுழியம் என்று அச்சாகும். எத்தனை ஆம்ப் உள்ளே இருக்கிறது என்பது கடைசி வரியில் வரும், இடம் மிஞ்சினால்.