ஒரேயொரு நாள் வீசிய பந்து

போர்வீரரைப் போற்றுவதில் எந்த நாடும் பின்னிற்பதில்லை. பதக்கங்களும் மலர்மாலைகளும் தாராளமாகவே கிடைக்கும். ஆனால், அங்கம் இழந்து திரும்பியவன் தனக்குத் தெரிந்த தொழிலில் ஓர் இடம் கேட்கும்போதுதான் அந்த நாட்டின் உண்மையான மனம் வெளிப்படுகின்றது. இதற்குச் சான்றாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் மனிதர் அமெரிக்க பேஸ்போல் வீரர் பேர்ட் ஷெப்பேர்ட்.

கிரிக்கெட்டையே அறிந்த நம்மவர் பலரும் கேள்விப்பட்டிராத பெயர் இது. 1920இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர், இடதுகைப் பந்துவீச்சாளர். சிறிய தொழின்முறை அணிகளில் ஆடிக்கொண்டிருந்தவரை இரண்டாம் உலகப் போர் விமானியாக்கியது. 1944 மே 21ஆம் திகதி அவரது பி-38 போர்விமானம் ஜேர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆத்திரம் கொண்ட ஊரவரிடமிருந்து அவரைக் காப்பாற்றியவர், எதிரிப்படையின் மருத்துவரான லாடிஸ்லாவுஸ் லொய்டல். வலது கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. கைதிகள் முகாமில் அவருக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்தவர் ஒரு கனேடியர்.

1945 தொடக்கத்தில் கைதிகள் பரிமாற்றத்தின் மூலம் ஷெப்பேர்ட் நாடு திரும்பினார். அவரது விருப்பத்தைக் கேட்டறிந்த போர்த்துறைத் துணைச் செயலாளர் ரொபர்ட் பற்றர்சன், வொஷிங்டன் செனற்றர்ஸ் அணியின் உரிமையாளர் கிளார்க் கிரிபித்துடன் பேசினார். அணியில் பயிற்றுநர் பதவி கிடைத்தது.

1945 ஓகஸ்ட் 4ஆம் திகதி, பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி நான்காவது இனிங்ஸில் மட்டும் 12 ஓட்டங்களைக் குவித்துவிட்ட நிலையில், ஷெப்பேர்ட் பந்துவீச அழைக்கப்பட்டார். வந்ததும் முதலாவது துடுப்பாட்டக்காரரை ஆட்டமிழக்கச் செய்தார். ஐந்து இனிங்ஸுக்குச் சற்று அதிகமாக வீசி அவர் விட்டுக்கொடுத்தது ஒரேயோர் ஓட்டம். அணி 15-4 எனத் தோற்றது. தோல்விக்கு அவர் காரணமல்லர்.

அதன் பின்னர் பெருங்கழகப் போட்டி எதிலும் பந்துவீச அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதே மாதத்தில் மைதானத்திலேயே வீரப்பதக்கம் மட்டும் அணிவிக்கப்பட்டது.

செனற்றர்ஸ் அந்தப் பருவத்தில் முதலிடத்துக்குப் போராடியது, அவர்களிடம் நல்ல வீச்சாளர்கள் இருந்தனர், போர் முடிந்ததும் முன்னணி வீரர்கள் திரும்பிவிட்டனர், ஷெப்பேர்டின் காலுக்கும் மேலும் சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன என்றெல்லாம் சமாதானம் கூறலாம். அவற்றில் நியாயமும் உண்டு. ஆயினும், தோற்றுவிட்ட ஆட்டத்தில்தான் ஒருவனைச் சோதிப்பது, அவன் தேறிய பின்னரும் மறுவாய்ப்பு மறுப்பது என்றால், அதற்குப் பெயர் வாய்ப்பல்ல, காட்சிப்படுத்தல்.

போர்ச் செய்திகளை எழுதிய காலத்தில் நான் கண்டதும் இதுவே. காயமுற்றவன் முதற்பக்கத்தில் வருவான். அவன் வேலை தேடி அலைவது எந்தப் பக்கத்திலும் வராது. பத்திரிகையாளராகிய எமக்கும் இதில் பங்குண்டு.

ஷெப்பேர்ட் எவரிடமும் இரக்கம் கோரியவரல்லர். சிறுகழகங்களில் ஆடினார், பின்னர் வேறு தொழில் செய்து வாழ்ந்தார். 1993இல் தம்மைக் காப்பாற்றிய மருத்துவரைச் சந்தித்து நன்றி கூறினார். 2008இல் காலமானார்.

அங்கவீனரை மேடையேற்றிக் கௌரவிக்கும் விழாக்கள் தேவையில்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால், விழா முடிந்த மறுநாள் அவருக்கு வேலை உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடையில்லாத கௌரவம் வெறும் சடங்கே ஆகும்.