கல் கொத்துவோரின் முற்றம்

வெனிஸ் நகரை ஓவியங்களில் கண்டவர்களுள் பலர் அதனைக் கனலெட்டோவின் கண்களாலேயே கண்டிருக்கிறார்கள். ஜியோவானி அந்தோனியோ கனால் என்ற இயற்பெயருடைய அவர் 1697 இல் அந்நகரிலேயே பிறந்தவர். நாடக மேடைக்குக் காட்சித் திரைகள் தீட்டிய தந்தையின் மகன். விழாக்கோலம் பூண்ட பெருங்கால்வாயையும் அலங்காரப் படகுகளையும் அவர் தீட்டினார். அவற்றை வாங்கியவர்களுள் மிகப் பெரும்பாலோர், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயச் செல்வந்தர்கள்.

ஆயினும் அவரது படைப்புகளுள் தலைசிறந்தது எதுவெனக் கேட்டால், அந்த விழாக் காட்சிகளை நான் சுட்டமாட்டேன். 1725 அளவில் வரையப்பட்டு, இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள 'கல் கொத்துவோரின் முற்றம்' என்ற தைலவண்ண ஓவியத்தையே சுட்டுவேன்.

சான் விடால் சதுக்கம் அதில் ஒரு வேலைத்தலமாக மாறியிருக்கிறது. வெண்கற்கள் சிதறிக் கிடக்கின்றன. தொழிலாளர்கள் குனிந்து உளியடிக்கிறார்கள். கீழே விழுந்த குழந்தையை நோக்கித் தாயொருத்தி கைகளை நீட்டியபடி விரைகிறாள். வீடுகளில் துணிகள் உலர்கின்றன. கால்வாய்க்கு அப்பால் கரித்தா தேவாலயமும் அதன் மணிக்கோபுரமும் நிற்கின்றன. அந்தக் கோபுரம் 1744 இல் இடிந்து வீழ்ந்தது. இங்கே ஊர்வலமும் இல்லை, பிரபுக்களும் இல்லை. மாளிகைகளை எழுப்பிய கைகளே இருக்கின்றன.

இன்றைய வெனிஸில் அருகிவருபவர்கள் இத்தகைய மனிதர்களே. 1951 இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022 இல் குடியிருப்போர் 50,000 இற்கும் கீழே குறைந்தனர். வீடுகள் பல உல்லாசப் பயணிகளின் தங்குமிடங்களாகிவிட்டன. பகற்பொழுதில் வந்துபோவோரிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ அறவிடும் முறை 2024 இல் தொடங்கியது. கடல் வெள்ளத்தைத் தடுக்கும் நகரும் மதகுகள் 2020 ஒக்டோபரில் முதன்முறையாக நகரைக் காத்தன. குடிமக்களின் வெளியேற்றத்தைத் தடுக்கும் மதகு எதுவும் இதுவரை அமையவில்லை.

பயணிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. கனலெட்டோவும் அவர்களை நம்பியே பிழைத்தவர். 1740களில் போர் மூண்டு அவர்களின் வருகை குன்றியபோது, 1746 இல் அவரே இங்கிலாந்துக்குப் புறப்பட நேர்ந்தது. வந்துபோவோரை மட்டுமே நம்பும் நகரின் நிலைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தேவாலயங்களையும் மாளிகைகளையும் செப்பனிடப் பணம் திரட்டுவோர் பலர் இருக்கிறார்கள். அது நற்பணியே. ஆனால் அந்த முற்றத்துத் தாய் தன் குழந்தையுடன் குடியிருக்க வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காவிட்டால், காப்பாற்றப்படுவது நகரமல்ல, நகரத்தின் படமே.